மூத்த மாப்பிள்ளை கைபட்ட லேப்டாப்

அருணனை எனக்குப் பிடிக்காது. ஏன் என்று கேட்டால் சட்டென்று சொல்ல வராது. குடிக்க மாட்டான், குரலை உயர்த்த மாட்டான், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். எரிச்சல் வராமல் என்ன செய்யும்? என் மனைவி ஜனகாவின் தங்கை சிந்துஜாவைக் கட்டிக்கொண்டு வந்தவன் அவன். வந்து கொஞ்ச காலத்திலேயே பிரிக்ஃபீல்ட்ஸில் என் மாமியார் வீட்டு ஹாலில் அவனுக்கென்று ஒரு நாற்காலி ஒதுக்கியாகிவிட்டது. எனக்கு இத்தனை வருடமாக அந்த வீட்டில் தனி நாற்காலி கிடையாது. யாரும் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

என் மாமியார் குணபூசணி, ஓய்வு பெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணத்துப் பரம்பரை. நான் கிள்ளான்காரன், எங்கள் குடும்பம் ரப்பர் எஸ்டேட்டிலிருந்து வந்தது. ஜனகாவும் நானும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, விரும்பி, சண்டை போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். கல்யாணமான புதிதில் மாமியார் என் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. ஒரு நாள் ஜனகாவை இறக்கிவிடப் போனபோது சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டு அடித்தது. மாமனார் முன்பே காலமாகிவிட்டார், வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. காரில் இருந்த டூல் பாக்ஸை எடுத்து வந்து சரிசெய்தேன். கை துடைக்கத் துண்டு கொடுத்தவர், "இருங்கோ தம்பி, கோப்பி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார். அன்றைக்குத்தான் நான் அந்த வீட்டு மருமகன் ஆனேன்.

அதற்குப் பிறகு அங்கே எது பழுதானாலும் போன் எனக்குத்தான் வரும். மகன் இல்லாத வீட்டில் மூத்த மாப்பிள்ளைதான் மகன். சின்ன மாப்பிள்ளையாக அருணன் வந்தான். அவனும் யாழ்ப்பாணத்து வழி, அவர்கள் ஆள். 'மாமி' என்று அவன் கூப்பிடும்போது அது அந்த வீட்டுச் சுவரிலிருந்தே வருகிற மாதிரி இருக்கும். நான் 'அத்தை' என்கிறவன். ஆனால் ஒன்று: பழுதென்றால் அப்போதும் மாமியார் என்னைத்தான் கூப்பிட்டார். எனக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே இடம் அது.

போன மாதம் சனிக்கிழமை எல்லோரும் அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். மாமியார் தன் பழைய லேப்டாப்பை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். அதை வைத்துத்தான் அவர் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தேவாரம் சொல்லித் தருகிறார்.

"இது வீங்கிப்போய்க் கிடக்குது தம்பி. ஒருக்கா பாருங்கோ."

உள்ளே பேட்டரி ஊதி, கீபோர்டு மேடு தட்டியிருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அருணன் எட்டிப் பார்த்தான்.

"மாமி, எதுக்கு ரிஸ்க்? இது பழைய மாடல் லா. பூச்சோங்ல என் வீட்டுப் பக்கம் ஒரு கடை இருக்கு, கொடுத்துடலாம்."

சுரீரென்றது எனக்கு. "கடையா? நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எதுக்குக் கடை? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதோட ஃபேனை மாத்தினது யாரு? கடைக்காரனா?"

"அது சரிதான் அண்ணே" என்று அவன் உடனே அடங்கிவிட்டான். சண்டைக்கு வந்தால்தானே நானும் நாலு வார்த்தை பேசலாம்! மாமியார் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "தம்பியே பார்க்கட்டும்" என்றார். நான் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். காரில் ஜனகா கேட்டாள், "இப்போ உங்களுக்கு பேட்டரி மாத்தணுமா, அருணனை ஜெயிக்கணுமா?" நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

பேட்டரியை ஆன்லைனில் வாங்கினேன். வந்ததும் சாப்பாட்டு மேசையில் துணி விரித்து, அடி மூடியைக் கழற்றினேன். கழற்றியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் போட்ட ஃபேன் அங்கே இல்லை. வேறு ஃபேன் ஒன்று இருந்தது. அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கடையின் வாரண்டி ஸ்டிக்கர். கீழே பூச்சோங் முகவரி.

பூச்சோங்! காது ரெண்டும் சூடாகிவிட்டது. என் வேலையைக் கலைத்துவிட்டு யாருக்கும் தெரியாமல் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறான் பாவி. எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்தானோ. அந்தக் கோபத்தில் பேட்டரியை மாற்றினேன், அதே கோபத்தில் மூடியைப் போட்டு ஸ்க்ரூக்களை முறுக்கினேன். அதில் சிலது குட்டை, சிலது நீளம். எது எந்த ஓட்டை என்று வரிசையாக வைத்துக் கழற்றியிருக்க வேண்டும். யாருக்கு அப்போது வரிசை ஞாபகம்? ஒரு நீள ஸ்க்ரூ குட்டை ஓட்டைக்குள் போய் மக்கர் செய்தது; இன்னும் அழுத்தி முறுக்கினேன். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். பவர் பட்டனை அழுத்தினால் லேப்டாப் கறுப்பாக என்னைப் பார்த்தது.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பூச்சோங் போனேன். கிள்ளானில் இல்லாத கடையா? ஆனால் அவன் என்னைப் பற்றி அங்கே என்ன சொல்லியிருக்கிறான் என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்த பிறகு குடும்பம் முழுக்க வைத்துக்கொண்டு அவனை நாறடித்துவிடுவது என்று முடிவு.

கடைக்காரர் பெயர் விமலன். மூடியைத் திறந்ததும் சிரித்தார். "இது நம்ம கடைக்கு வந்த லேப்டாப்தான் பாஸ். நீங்க யாரு அவங்களுக்கு?"

"பக்கத்து வீடு" என்றேன்.

"அப்போ அந்தப் பெரிய மருமகனைத் தெரிஞ்சிருக்குமே! ஃபேனை மாத்துறேன்னு ஒயரை பிளேடுக்குள்ள விட்டு மூடியிருந்தாரு. சுத்தவே இல்ல. அதான் சத்தமும் இல்ல. அவரு சரியாயிடுச்சுன்னு சந்தோஷமா போயிட்டாராம். நல்லவேளை, எரியறதுக்குள்ள கொண்டு வந்துட்டாங்க."

"யாரு கொண்டு வந்தது?" என்றேன்.

"சின்ன மருமகன். அந்த ஆன்டியும் கூடவே வந்தாங்க. என்கிட்ட ஒரே கண்டிஷன், வெளிய கடை ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. 'எங்கட மூத்த மாப்பிள்ளை பார்த்தால் மனம் நொந்துபோவார்'னு சொன்னாங்க. அவரு ரிப்பேர் பண்ற சாமானையெல்லாம் பின்னாடியே இந்தச் சின்னவரு தூக்கிட்டு அலையறாரு போல. பாவம், வாயத் திறக்க மாட்டாரு." லேப்டாப்பைத் திருப்பி, விளக்கடியில் பிடித்தார். "ஐயோ, நீள ஸ்க்ரூவ இங்க போட்டு போர்டைக் குத்திட்டாங்க. இது யாரு வேலை?"

"அந்தப் பெரிய மருமகன்தான்" என்றேன்.

கேலி செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நான் திட்டலாம், சண்டை போடலாம், ஜென்மத்துக்கும் அவன் வீட்டு வாசலை மிதிக்காமல் இருக்கலாம். அவன் பாட்டுக்கு என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறான். நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. பழுது பார்க்கிறவன் என்று அந்த வீட்டில் எனக்கு இருந்த இடமும் உண்மையில் அவனுடையதுதானா? எனக்கென்று எதை விட்டு வைத்தான் அங்கே?

போர்டு சரியாகி வந்ததும் ஞாயிறு காலை ஜனகாவோடு பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். அருணன் தன் நாற்காலியில் இருந்தான். மாமியார் லேப்டாப்பைத் திறந்தார், அது உயிரோடு எழுந்தது. அவர் முகம் மலர்ந்து ஒரு மாணவியின் அம்மாவை ஆன்லைனில் கூப்பிட்டுச் சோதித்துப் பார்த்தார். படம் வந்தது, குரல் போகவில்லை.

"மைக் வேலை செய்யுதில்லை போல. தம்பி, இதையும் ஒருக்கா பாருங்கோ."

எனக்குள் என்னவோ அறுந்தது. "வேணாம் அத்தை. அருணன்கிட்ட கொடுங்க, நேரா கடைக்கே கொண்டுபோகட்டும். எப்படியும் அங்கதானே போகப்போகுது. இத்தனை வருஷமா எல்லாம் அங்கதானே போயிருக்கு."

சிந்துஜா அருணனைப் பார்த்தாள். அருணன் தரையைப் பார்த்தான். மாமியார் மட்டும் அசரவில்லை. லேப்டாப்பை மூடி, இரண்டு கையாலும் தூக்கி வந்து என் மடியில் வைத்தார்.

"கடைக்குப் போறது போகட்டும். அது பிறகு. முதல்ல உங்கட கை படவேணும். என்ர வீட்டில எந்தச் சாமானையும் உங்களுக்குக் காட்டாமல் நான் வெளியில அனுப்பினதில்லை, அனுப்பவும் மாட்டன்."

"நான் தொட்டா கெட்டுப்போகும் அத்தை."

"கெட்டால் கெடட்டும். மூத்த மாப்பிள்ளை நீங்கள்."

சொல்லிவிட்டு அவர் கோப்பி போட உள்ளே போனார். பெண்கள் இருவரும் பின்னாலேயே போனார்கள். நானும் அருணனும் தனியாக இருந்தோம். கண் கரித்ததால் நான் குனிந்து மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்ற ஆரம்பித்தேன். இந்த முறை வரிசையாக வைத்தேன்.

"அண்ணே." அருணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நான் இன்ஜினியர். இந்த லேப்டாப்பை நானே திறந்து பார்த்திருப்பேன். மாமி ஒரு தடவைகூட என்னைப் பார்க்கச் சொன்னதில்ல. தூக்கிட்டுப் போ, தூக்கிட்டு வா, அவ்வளவுதான். ஒரு ஸ்க்ரூ கழட்ட விட்டதில்ல."

நிமிர்ந்து பார்த்தேன். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் வந்த நாளிலிருந்து கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டிருந்த முகம்.

"கொஞ்சம் நான் பார்க்கட்டுமா?" என்று கை நீட்டினான்.

கொடுத்திருக்கலாம். நல்ல மனுஷன் கொடுத்திருப்பான். நான் ஸ்க்ரூடிரைவரை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நீ போன்ல லைட் அடி, போதும்" என்றேன்.