அரைச் சுற்று

கார் லிஃப்டின் மேல் ஏறி நின்றது. அதன் அடிப்பக்கத்தில், ஆயில் தொட்டியின் கீழே, போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை. சுண்டுவிரல் நுழையும் அளவுதான். அந்த ஓட்டை வழியாகத்தான் காலையில் மொத்த ஆயிலும் சாலையில் கொட்டி, என்ஜின் இறுகிப்போயிருந்தது.

அதை அண்ணாந்து பார்த்தபடி நான்கு பேர் நின்றார்கள். காரின் சொந்தக்காரர் அசோகன். சர்வீஸ் சென்டர் மேனேஜர் கலியமூர்த்தி. போன வியாழக்கிழமை இந்தக் காருக்கு ஆயில் மாற்றிய டெக்னீஷியன் அரவிந்தன். ஓர் அடி பின்னால், அசோகனின் மகள் வினோதினி.

“கீழ்புத்துப்பட்டு கிட்ட சார்” என்றார் அசோகன். இதைச் சொல்வது மூன்றாவது தடவை. “செகப்பு லைட்டு எரிஞ்சுது. ஓரம் கட்றதுக்குள்ள கடகடன்னு சத்தம். அப்படியே நின்னுபோச்சு. பின்னாடி சீட்ல குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸ் பார்ட்டி ரெண்டு பேரு. அவங்கள ஆட்டோல ஏத்தி உட்டுட்டு நடுரோட்ல நிக்கறேன் நானு.”

“புரியுதுங்க” என்றார் கலியமூர்த்தி. குரல் ஏறவே இல்லை. “எங்க ஆளு போல்ட்ட சரியா இறுக்கலன்னா என்ஜின் எங்க பொறுப்பு. புதுசே போட்டுத் தருவோம். ஆனா சர்வீஸுக்கு அப்புறம் வெளியில யாராச்சும் கைவெச்சிருந்தா வாரண்டி செல்லாது. அத மட்டும் சொல்லிடுங்க.”

“யாரு வெக்கறது? நானே ஆயில் மாத்திக்கறேன்னுதான் சொன்னேன். இவதான் வாரண்டி, சீலு, புக்குன்னு சட்டம் பேசி இங்க கொண்டாந்து உட வெச்சா. நீங்க செஞ்சத நாங்க தொடவே கூடாதாம்.” அசோகன் மகளைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். “பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி.”

வினோதினி லிஃப்டின் இரும்புக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அசோகன் மரக்காணம் உப்பளத்தில் பம்பு ஓட்டுகிறவர். பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் இறைக்கும் டீசல் என்ஜினுக்கு இருபத்திரண்டு வருடமாக அவர் கைதான் ஆயில் மாற்றியிருக்கிறது. வாடகைக்கு ஓட்டலாம் என்று இந்த பெட்ரோல் காரை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. சர்வீஸ் சென்டர் என்றாலே அவருக்கு ஆகாது. “கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்கார வெச்சு டீ குடுப்பான். அந்தப் பக்கம் ஆயில மாத்துனானா, தொடச்சு உட்டானான்னு யாருக்குத் தெரியும்?” என்பார். வினோதினி அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் வாரண்டி புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசி ஜெயித்திருந்தாள்.

“நான் அளவு காட்ற டார்க் ரெஞ்ச் வெச்சுதான் சார் இறுக்கினேன்” என்றான் அரவிந்தன். இரும்பை ஊர்க்காரன். இருபத்தைந்து வயது இருக்கலாம். “கிளிக்னு சத்தம் வந்தப்புறம்தான் எடுத்தேன். மஞ்ச பெயின்ட்ல கோடும் போட்டேன்.”

“என்னா கோடு?” என்றார் அசோகன்.

“போல்ட் தலைலேந்து தொட்டி மேல வரைக்கும் ஒரே இழுப்பா ஒரு கோடுங்க. இறுக்கியாச்சுன்னு அடையாளம். அப்புறம் யாராச்சும் போல்ட்ட திருப்புனா கோடு ரெண்டா விலகிடும்.”

கலியமூர்த்தி செல்போன் டார்ச்சை அடித்தார். ஓட்டையைச் சுற்றி ஒரே கறுப்பு. தார் பூசியது போல் கெட்டியாக அப்பியிருந்தது.

“எங்கப்பா கோடு?”

“பாதி போல்ட்டோட போயிருக்கும் சார். மீதி பாதி இங்க இருக்கணும்.”

“இருக்கணும்னு நீ சொல்ற. இருக்குதா?”

அரவிந்தன் எட்டி, ஓட்டையின் ஓரத்தில் மஞ்சளைத் தேடினான்.

அந்த மஞ்சளை வினோதினி பார்த்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. அமாவாசைக்கு உப்பளத்தில் பம்பு ஓடாது. அன்றைக்கு இரும்புக்கெல்லாம் எண்ணெய் வைக்கும் நாள். அங்கே வீசுகிற காற்றில் ஒரு போல்ட்டை இரண்டு மாதம் திருப்பாமல் விட்டால் துரு ஏறி ஒட்டிக்கொள்ளும். பிறகு உளி வைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் மாதம் ஒரு முறை, பழைய ஆயிலில் கிரீஸைக் குழைத்துப் பூசி, ஒவ்வொரு போல்ட்டையும் அரைச் சுற்று தளர்த்தி, மறுபடி இறுக்கி வைப்பார்கள். பம்பு, சைக்கிள், கேட்டுக் கீல், எல்லாவற்றுக்கும். ஒல்லியாக இருப்பதால் குனிந்து நுழைகிற வேலையெல்லாம் பள்ளிக்கூட நாளிலிருந்தே வினோதினியுடையது.

அன்றைக்குப் பம்பு வேலையை முடித்துவிட்டு, பிரஷும் டப்பாவுமாக அவள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் கார் நின்றது. தொடக்கூடாது என்று சட்டம் போட்டவளே அதன் அடியில் நுழைந்தாள். ஏன் என்று கேட்டால் அவளால் இப்போதும் சொல்ல முடியாது. டப்பாவில் மிச்சம் இருந்தது. கை பழகியிருந்தது. போல்ட் தலையில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. கம்பெனியில் சிந்திய பெயின்ட் என்று நினைத்து அதன்மேலேயே பூசினாள். பதினாலாம் நம்பர் ஸ்பேனரை வைத்து அரைச் சுற்று தளர்த்தினாள். மறுபடி விரலால் திருகினாள். ஸ்பேனரைக் கையில் எடுத்தபோதுதான் அப்பா உப்பளத்துப் பக்கத்திலிருந்து கத்தினார்.

“வினோ, மழ வருது, தார்ப்பாய எடுத்துக்கினு ஓடியா!”

மழை என்றால் உப்பள வீடுகளில் சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவார்கள். வரப்பின்மேல் குவித்த உப்பு ஒரு மழைக்குத் தாங்காது. அவள் ஸ்பேனரை மணலில் போட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது அம்மா ஸ்பேனரைப் பொறுக்கி அலமாரியில் வைத்திருந்தாள். ஸ்பேனர் அலமாரியில் இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அவளும் அப்படியே நினைத்துக்கொண்டாள்.

“போன மாசம் இவன் ஒரு வண்டில ஆயில் மூடிய போடாம அனுப்பிட்டான்” என்று கலியமூர்த்தி அசோகனிடம் சொன்னார். “இது ரெண்டாவது. இதுக்கு மேல நான் ஒண்ணும் பண்ண முடியாது. அரவிந்தா, கார்ட கழட்டிக் குடுத்துட்டு ஆபீஸ்ல போய் உக்காரு.”

அரவிந்தன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைத் தலைக்கு மேலாக எடுத்தான். நாடா காதில் மாட்டியது. அதை விடுவித்துக் கொடுக்க அவனுக்கு நேரம் பிடித்தது.

“நீங்க ஒரு கம்ப்ளெய்ன்ட் எழுதிக் குடுத்துடுங்க. இன்னிக்கே மேல அனுப்பிடறேன்.” கலியமூர்த்தி ஓர் எழுதும் அட்டையில் வெள்ளைத்தாளைச் செருகி நீட்டினார்.

“வினோ, நீ எழுதும்மா. நான் சொல்றேன்.”

அவள் வாங்கினாள். டூல் டிராலியின் மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தாள். அசோகன் சொல்லச் சொல்ல வண்டி நம்பர் வந்தது, தேதி வந்தது, கீழ்புத்துப்பட்டு வந்தது.

“சர்வீஸ் முடிச்ச நாள்லேந்து இன்னிக்கு வரைக்கும் வெளியில யாரும் வண்டில கை வெக்கல. எழுது.”

‘வெளியில் யாரும்’ என்று எழுதினாள். பேனா அங்கேயே நின்றது.

புது என்ஜின் வராவிட்டால் கார் இல்லை. கார் இல்லாவிட்டால் மாதத் தவணைக்கு அப்பா ராத்திரியும் பம்புக்குப் போவார். முட்டி வலியோடு. அது அவளுக்குத் தெரியும். மஞ்சள் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். இந்த இடத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

“என்னம்மா, எழுத்து மறந்துபோச்சா?” அசோகன் லேசாகச் சிரித்தார். “படிச்ச புள்ள.”

அவள் பேனாவை வைத்தாள். டிராலியில் மண்ணெண்ணெய் கிண்ணமும் ஒரு துணியும் இருந்தன. துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு லிஃப்டுக்கு அடியில் போனாள்.

“அடியில வராதீங்க மேடம்” என்றார் கலியமூர்த்தி.

அவள் இரண்டு கையையும் உயர்த்தித் துடைத்தாள். முதலில் கறுப்புதான் வழிந்தது. மணிக்கட்டு வழியே முழங்கை வரை இறங்கியது. மறுபடி துடைத்தாள். ஓட்டையின் ஓரத்தில், நகக்கண் அளவுக்கு, மஞ்சள் தெரிந்தது. ஓட்டை வரை வந்து வெட்டுப்பட்டு நின்ற கோடு.

கலியமூர்த்தி டார்ச்சை அதன்மேல் அடித்தார்.

“இவர் போட்ட ஆயில் இது” என்றாள், அரவிந்தனைக் காட்டி. ஓட்டையின் உதட்டில் தொங்கிய ஒரு சொட்டை விரலில் எடுத்துக் காட்டினாள். தேன் நிறம். “ஒரு வாரம்தான் ஓடியிருக்கு. இது கறுக்கல. மேல பூசியிருந்தது பழைய பம்பு ஆயில். கோட்டுக்கு மேல இருந்துதுன்னா, இவர் இறுக்கினதுக்கு அப்புறம் பூசினது.” அப்பா பக்கம் திரும்பினாள். “அமாவாசை அன்னிக்கு நான்தான்ப்பா. தளர்த்தினேன். திருப்பி இறுக்க ஸ்பேனர் போடல.”

அசோகன் அவளுடைய கறுத்த கையையே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்தது கோபம் மாதிரி இல்லை.

“ஊருக்கு சட்டம் சொல்லிட்டு, உன் கை மட்டும் சும்மா இருக்கலையா?” என்றார். தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கேட்டைப் பார்த்து நடந்தார்.

கலியமூர்த்தி அடையாள அட்டையை அரவிந்தனிடம் திருப்பிக் கொடுத்தார். “போய் வேலையப் பாரு.” வினோதினியிடம், “வாரண்டில வராதுங்க இனிமே. அப்பாகிட்ட சொல்லிடுங்க” என்றார்.

அரவிந்தன் அட்டையை மாட்டிக்கொண்டு அவளிடம் வந்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று நினைத்தாள். “அந்தத் துணியக் குடுங்க” என்றான். கொடுத்தாள். ஒரு சோப்புத்தூள் பொட்டலத்தை அவள் கையில் வைத்துவிட்டுக் குழாய் இருக்கும் பக்கத்தைக் காட்டினான்.

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில். பஸ் காலாப்பட்டைத் தாண்டியது. கீழ்புத்துப்பட்டில் சாலையின் ஓரமாக ஆயில் கறை நீளமாகத் தெரிந்தது. யாரோ மணல் அள்ளிப் போட்டிருந்தார்கள்.

“மழன்னு உன்ன கூப்ட்டது நானு” என்றார்.

அவள் பின்னால் போகும் கறையைத் திரும்பிப் பார்த்தாள்.

“நாலு சொட்டுகூட உழல அன்னிக்கு.”

பஸ் வேகமெடுத்தது. கொஞ்ச தூரம் போனபின், “பம்பு போல்ட்டும் அன்னிக்குத்தான திருப்புன?” என்று கேட்டார்.

“அத முன்னாடியே முடிச்சுட்டேன்ப்பா.”

“ஸ்பேனர் போட்டியா?”

“போட்டேன்.”

“எட்டு போல்ட்டுக்குமா?”

“எட்டுக்கும்தான்ப்பா.”

மரக்காணத்தில் இறங்கியதும் அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அளத்துக்குப் போகும் மண்பாதையில் இறங்கினார். வெயில் சாய்ந்து பாத்தித் தண்ணீரெல்லாம் பளபளத்தது. வினோதினி ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனாள்.

பம்பு கொட்டகைக் கதவைத் திறந்து அவர் ஸ்பேனரை எடுத்தார். மண்டியிட்டு, முட்டியைப் பிடித்தபடி, முதல் போல்ட்டில் வைத்து, இறுகியிருக்கிறதா என்று அழுத்தினார். அசையவில்லை. இரண்டாவது. மூன்றாவது. அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவதும் அசையவில்லை.

ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எட்டாவதிலும் ஸ்பேனரை வைத்தார்.