யாருடைய துவக்குக்கு அந்தக் குழல்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம், சீமைக்குத் திரும்பவிருந்த தோட்டத்துரை ஒருவர் தன் சாமான்களை ஏலம் விட்டார். அதில் ரைபிள் துவக்கின் குழல் ஒன்றும் இருந்தது. பெயரில்லை, எண்ணில்லை, முத்திரைகூட இல்லை. தன்னாமுனைக் கதிர்காமத்தம்பியும் ஏறாவூர் மஜீடும் கூட்டாக அதை எடுத்தார்கள். ஒரே வட்டையில் பக்கத்து வயல்காரர்கள், நல்ல கூட்டாளிகள். இருவருடைய துவக்குக் குழலையும் துருக்கறள் தின்றுவிட்டது. பன்றிகளோ வேளாண்மைப் பயிருக்குள் பயமில்லாமல் திரிந்தன. யாருடைய துவக்குக்குப் பொருந்துமோ அவனுக்கே குழல் என்று பேச்சு.

பொருத்தம் பார்க்கும் வேலை, ஏறாவூரில் துவக்குத் திருத்தும் அசனாரின் தலையில் விழுந்தது. அன்றே கதிர்காமத்தம்பி எருமைத் தயிர் கொண்டுவந்து வைத்தான். அடுத்த நாள் மஜீட் வாவி இறாலோடு வந்தான்.

“தயிரும் முடிஞ்சி, இறாலும் முடிஞ்சி. மறுகா யாரப் பகைக்கப் போறீங்க?” என்று மனைவி ஸஹீதா சிரித்தாள்.

அசனாருக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேருமே வேண்டியவர்கள். தனியே பார்த்துச் சொன்னால் ஓரவஞ்சனை என்று பேச்சு வரும். ஆகவே வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் இருவரையும் முற்றத்துக்கு அழைத்தார்.

மஜீடின் துவக்கு, தாழ்ப்பாள்போல இழுத்துத் தள்ளும் மவுசர். கதிர்காமத்தம்பியுடையது, அடிப்பிடியை இறக்கினால் வாய் திறக்கும் மார்ட்டினி. இரண்டின் பழைய குழல்களையும் அசனார் கழற்றி வைத்திருந்தார்.

முதலில் மவுசர்க் குழலின் திருகுப்புரியைப் புதுக்குழலின் புரியோடு ஒட்டிப் பிடித்தார். இரண்டு புரி இறங்கியது. மூன்றாவது ஏறி நின்றது, இடையில் வெளிச்சம் தெரிந்தது.

“கொஞ்சம் அமத்திப் பாருங்க காக்கா!” என்று அண்ணன்முறை சொல்லிக் கெஞ்சினான் மஜீட்.

“அமத்தினா இரும்பு கேக்குமாடா?”

மார்ட்டினிக் குழலை வைத்தார். பல்லோடு பல் கவ்விக்கொண்டது.

“பின்வாயில இந்த ரெண்டு வெட்டையும் பாருங்க. சுட்ட தோட்டாவ வெளிய இழுக்கிற ரெண்டுகால் கொக்கிக்கு விட்ட இடம். மவுசருக்கு இது இல்ல.”

மெழுகை உருக்கிப் பின்வாயில் ஊற்றி, ஆறியதும் தட்டி எடுத்தார். கதிர்காமத்தம்பியின் தோட்டா அச்சாக அப்படியே வந்தது. துள்ளப்போனவன் மஜீடின் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கி நின்றான்.

குழலைப் பூட்டித் தென்னங்குற்றியில் துவக்கைக் கட்டினார் அசனார். விசையில் நீளக் கயிறு. எல்லோரும் கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் பதுங்கினார்கள்.

“கயித்தையாவது எனக்குத் தாங்க!” மஜீட் வாங்கி இழுத்தான்.

வெடிச்சத்தத்தில் கோழிகளெல்லாம் கூரையேறின. துவக்குக்கு ஒரு கீறலும் இல்லை. முதலில் சிரித்தவன் மஜீட்தான். அப்போதுதான் அசனாருக்கு மூச்சு வந்தது.

“வா மச்சான், ஒண்டாக் காவல் இருப்பம். உன்ர வயலுக்குள்ள பண்டி வந்தா நான் சுடாம விடுவனா?” என்றான் கதிர்காமத்தம்பி.

“ஓம், நான் வந்துதான் ஆகணும். உன்ர குறிக்கு என்ர மாடெல்லோ விழும்!”

அந்தக் கிழமைக்குள்ளேயே பெரிய ஆண்பன்றி ஒன்று விழுந்தது. சுட்டவன் கதிர்காமத்தம்பி. ஏறாவூர்க் கடைத்தெரு முழுக்க அதைச் சொல்லித் திரிந்தவன் மஜீட்.