எட்டாயிரம் மீட்டர் கையுறை

மிலானிலிருந்து வந்த வக்கீல் லொதோவிகோ, கோன்யெ மலைக்கிராமத்தின் உறைந்த அருவியில் முதல்முறையாக, வழிகாட்டியான எனக்கு முன்னால் கயிறு கொண்டு ஏறுவதாக அறிவித்திருந்தார். அதற்குக் கையுறை வாங்க ஒர்னெல்லாவின் மலையேற்றச் சாமான் கடைக்குப் போனோம்.

"ஏறுறதுக்கு மெல்லிசு, கீழ நின்னு கயிறு பிடிக்கத் தடிசு. ரெண்டும் எடுத்துக்குங்க சார்" என்றாள் ஒர்னெல்லா.

அவர் எட்டாயிரம் மீட்டர் சிகரங்களுக்கென்று தைத்த, தலையணை போன்ற ஜோடியை மட்டும் எடுத்தார்.

கல்லாவுக்கு மேலே ஏறும்போது கயிற்றை மாட்டப் பனியில் முடுக்கும் திருகாணி ஒன்று தொங்கும். கையுறையோடு அதைக் கழற்றி மாட்டிப் பார்ப்பது அந்தக் கடை வழக்கம்.

"நான் என்ன சின்னப் புள்ளையாம்மா?" என்று வக்கீல் அதைத் தொடாமலே சிரித்தார்.

மறுநாள் ஓராள் உயரம் ஏறியதும் இடுப்பிலிருந்து முதல் திருகாணியை எடுத்தார். அது என் காலடியில் விழுந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அதற்குத் துணைக்கு வந்தன.

"பொறுக்கி வைக்கவா, இல்ல இன்னும் வருமா?" என்றேன்.

அவர் இறங்கினார். மெல்லிய கையுறையோடு நான் முன்னால் ஏறினேன். அவர் கீழே நின்று கயிறு பிடித்தார்.

சாயங்காலம் கடைக்குள் வெற்றிவீரராக நுழைந்தார்.

"அருமையான கையுறைம்மா! நாலு மணி நேரம் நின்னேன், விரல் கொஞ்சங்கூட விறைக்கல."

"நிக்கத்தான சார் அது" என்றாள் ஒர்னெல்லா.