எண்பத்தேழு டிகிரி

அன்றைக்கு யோசெலின் சரியாகத்தான் படித்தாள். அது எனக்கும் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் ஏதாவது சாக்கு சொல்லி நழுவிவிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா?

பொத்தோசி என்ற மலை நகரத்தில் நான்காம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. சோதனை நாளைக்கு என்றால், முடிவை இன்றைக்கே பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகளை நோட்டில் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவோம். சிவப்பு மையில் தலைப்பு, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு, அதற்குக் கீழே அதே சிவப்பு மையில் முடிவு. அப்படித்தான் ‘தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும்’ என்று எழுதிப் போட்டேன். புத்தகத்தில் ‘கடல் மட்டத்தில்’ என்று இன்னும் இரண்டு வார்த்தை இருந்தது. நம் நாட்டுக்குத்தான் கடலே இல்லையே, இதை எழுதினால் ஆளுக்கொரு கேள்வி கேட்டு உயிரை வாங்குவார்கள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் தலைமையாசிரியர் தோன் ரெம்பெர்த்தோ கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். என் பதவி உயர்வுக்கு அவர் எழுதும் அறிக்கைதான் முக்கியம். கேஸ் அடுப்பு, அலுமினியப் பாத்திரம், பள்ளிக்கே சொத்தான ஒரே ஒரு தெர்மாமீட்டர். அதைப் படிக்கும் வேலையை யோசெலினுக்குக் கொடுத்திருந்தேன். வகுப்பிலேயே குட்டை அவள்தான். ஸ்டூல் மேல் ஏறி நின்றாள்.

“எண்பத்தேழு, டீச்சர்.”

“நல்லாப் பாரு.”

“நல்லாத்தான் பார்த்தேன். அப்பலேர்ந்து கொதிக்குது, அதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது.”

நான் குனிந்து பார்த்தேன். சிவப்புக் கோடு எண்பத்தேழில் நின்றது. தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பின்னால் தோன் ரெம்பெர்த்தோவின் பேனா நின்றுவிட்டது.

“கண்ணை எங்க வச்சிருக்க? உங்கம்மா கடையில கஞ்சியைக் குடிச்சுக் குடிச்சு ஆவியில மங்கிப் போச்சா?” என்றேன்.

வகுப்பே சிரித்தது. “சுமை தூக்குற லாமாவுக்குக்கூட இவளைவிட நல்லாத் தெரியும் டீச்சர்!” என்று ஒருவன் கத்தினான். நான் அவனை அதட்டவில்லை.

அவள் இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள். “எண்பத்தேழு,” என்றாள், இந்த முறை மெதுவாக. ரப்பரை எடுத்து அவள் கையில் வைத்தேன். நோட்டில் பென்சிலால் எழுதியிருந்த எண்பத்தேழை அழித்துவிட்டு நூறு என்று எழுதினாள். மற்ற முப்பது பேரும் அடுப்புப் பக்கமே வராமல் நூறு என்று எழுதினார்கள். தோன் ரெம்பெர்த்தோ ‘மிக நன்று’ என்று எழுதிவிட்டுப் போனார்.

தெர்மாமீட்டர்தான் கோளாறு என்று சாயங்காலம்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் குக்கர் விசில் அடித்தபோது உறைத்தது. இந்த ஊரில் குக்கர் இல்லாமல் சோளம் லேசில் வேகாது. வாழ்க்கை முழுக்க அதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறேன். மலை உச்சியில் காற்றின் அழுத்தம் குறைவு, தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும் என்று பயிற்சிக் கல்லூரியில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். என் சொந்த அடுப்புக்கும் அந்தப் பாடத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒருநாளும் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும், போகட்டும், ஒரு எண்தானே, பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை சந்தையில் யோசெலினின் அம்மா தோன்யா காசில்டாவின் கடைக்குப் போனேன். கருஞ்சோளக் கஞ்சியைக் கோப்பை நிறைய ஊற்றி, நான் பாதி குடித்ததும் வழக்கம்போலக் கொசுறும் ஊற்றினாள்.

“நல்லவேளை டீச்சர், நீங்க கண்டுபிடிச்சீங்க. பெத்தவ எனக்கே தெரியல பாருங்க.”

“எதை?”

“இவளுக்குப் பார்வை சரியில்லைங்கறதை. ‘அம்மா, எனக்கு நம்பரெல்லாம் தப்பாத் தெரியுது’ன்னு வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. தெருவுல போற பஸ் நம்பரைக்கூட என்கிட்ட ரெண்டு தடவை கேட்டுக்கறா. அடுத்த மாசம் சூக்ரேவுல கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போய்க் கண்ணாடி போட்டுடலாம்னு இருக்கோம்.”

கோப்பையைக் கீழே வைத்தேன். அவள் கண்ணுக்கு ஒன்றுமில்லை, பொய் சொன்னது நான்தான் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பின்னால் நாலு பேர் கோப்பைக்காகக் காத்திருந்தார்கள், அதில் இரண்டு பேர் என் மாணவர்களின் பெற்றோர். “அவசரப்படாதீங்க, திங்கட்கிழமை பேசிக்கலாம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். கோழை.

திங்கட்கிழமை உயர்நிலைப் பள்ளியில் இன்னும் இரண்டு தெர்மாமீட்டர் இரவல் வாங்கி வந்தேன். வகுப்பு முன்னால் நின்று, “அன்னைக்கு யோசெலின் சொன்னதுதான் சரி. எனக்குத் தெரிஞ்சே நான் பொய் சொன்னேன். அவளைக் கேலியும் பண்ணினேன். அது ரொம்பத் தப்பு,” என்றேன்.

லாமா என்று கத்திய பையன் கையைத் தூக்கினான். “அப்போ நோட்டுல அழிக்கணுமா டீச்சர்? சிவப்பு மை அழியாதே?”

யோசெலினைக் கூப்பிட்டேன். ஸ்டூலில் ஏறினாள். தண்ணீர் கொதித்தது. மூன்று தெர்மாமீட்டர்களும் ஒரே இடத்தில் நின்றன.

“சொல்லும்மா. உன் கண்ணுக்கு என்ன தெரியுதோ, அதைச் சொல்லு.”

அவள் பாத்திரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தையே பார்த்தாள், கவனமாக, வெகுநேரம். பிறகு மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்பதுபோல் என் பக்கம் குனிந்தாள்.

“எவ்வளவு வரணும், டீச்சர்?”