படையலுக்கு வந்த அப்பிள்

ஹோலில் சப்பாணி கட்டியிருந்து ஈரப்பலாக்காய் சீவிக்கொண்டிருந்தாள் நாகேஸ்வரி. கணவர் இரத்தினசிங்கம் காலமாகி எட்டாம் நாள்; இன்று எட்டுச் செலவு. அவர் ஆசைப்பட்டுத் தின்றதெல்லாம் படையலில் இருக்கவேண்டும். முருங்கைக்காய், கீரை, விளாம்பழம் எல்லாம் காலையில் வெள்ளவத்தைச் சந்தையில் அவளே பொறுக்கி எடுத்தவை. சண்டையால் பாதை பூட்டியதிலிருந்து யாழ்ப்பாணத்துக் காய்கறி வருவதில்லை. இங்கே இப்போது காய்ப்பதை வாங்கினால் போதும் என்பார் அவர்.

கந்தோரில் அவரோடு வேலைசெய்த நண்பர் ஒஸ்வால்ட் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தார். கையில் ஒரு பை அப்பிள்.

"செக்பொயின்ட்ல ஒண்ட வெட்டிப் பாத்துட்டாங்க மிஸிஸ். மத்ததெல்லாம் நல்லா இருக்கு."

"அவர் அப்பிள் தொடமாட்டாரே."

"யாரு, ரட்ணமா?" ஒஸ்வால்ட் சிரித்தேவிட்டார். "லஞ்ச் முடிஞ்சா பம்பலப்பிட்டி ஸ்டேஷன் பக்கம் போய் ஒண்டு வாங்கித் தின்னாட்டி அந்த மனுசனுக்கு வேல ஓடாது. வேலைக்குச் சேந்த காலத்தில இருந்தே அப்பிடித்தான்."

நாகேஸ்வரியின் கத்தி நின்றது. மகன் வயிற்றிலிருந்தபோது வாய்விட்டு ஒரேயொரு அப்பிள் கேட்டாள். "அது கப்பலில வாடி வாற பழம். இப்ப விளாம்பழக் காலம், அதைச் சாப்பிடும்," என்றார். சாப்பிட்டாள். அதோடு விட்டாளா? அப்பிளோடு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் பிரசங்கமும் வைத்தாள். அவர் பக்கத்திலிருந்து தலையாட்டுவார். என்னமாய் ஏமாற்றிவிட்டார்! சண்டை பிடிக்கவும் ஆளில்லை.

அவருடைய தங்கை சரோஜினிதேவி பையை எட்டிப் பார்த்தாள். "அண்ணைக்கு விருப்பமெண்டா அதையும் இலையில வையுங்கோவன், மச்சாள்."

"ஓம், வைக்கிறன்."

பையோடு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். படைக்குமுன் ஒருவரும் வாயில் வைக்கக்கூடாது என்று காலையிலிருந்து எல்லோரையும் அதட்டியவள், இருந்ததில் பெரிய அப்பிளை எடுத்துக் கடித்தாள். நல்ல இனிப்பு. நின்றபடியே முழுவதையும் தின்றாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மிச்சக் காயைச் சீவினாள்.

கறிகள் வெந்ததும் இலையை அவளே நிரப்பினாள். ஈரப்பலாக்காய்க் கறியை அள்ளி அள்ளி வைத்தாள். கடைசியாக, சோதனையில் வெட்டுப்பட்டுக் கறுத்திருந்த அப்பிளை எடுத்து, அவருக்கு வைத்தாள்.