தராசு இல்லாத கதை

1
இந்தக் கதை ஓர் எண்ணிலிருந்து பிறந்தது என்று எழுதி அடித்துவிட்டேன். உண்மையில் இது ஒரு தராசை ஒளித்து வைத்ததிலிருந்து பிறந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் என்னைச் சந்தேகப்படுவீர்கள்.

2
முதல் தொடக்கம்: சூயஸ் துறைமுகத்தில் அன்று காலை வெயில்...

(வேண்டாம். அங்கே என்றைக்கு வெயில் இல்லை?)

இரண்டாம் தொடக்கம்: ஷவ்கி பசை கலப்பவன். கப்பல் எஞ்சினின் பாதங்களை அடித்தளத்தோடு ஒட்டுகிற பசை. அதில் இரும்புத்தூள் நிறையப் போக வேண்டும். ஒவ்வொரு கலவையிலும் கொஞ்சம் எடுத்து அச்சில் ஊற்றி, இறுகியதும் ஆணியால் தேதி கீறித் தருவான். சாட்சிக்கட்டி என்போம். அதற்குள் மீயொலி செலுத்தி, வேகம் பார்த்து, முத்திரை வைப்பவன் நான், பயூமி. பதினோரு வருடமாக.

(என் கருவியை முடுக்கினால் துறைமுகத்து நாய்கள் எழுந்து வழிவிடும். நம்பாதவர்கள் நாய்களையே கேட்கலாம்.)

3
ஷவ்கியின் கட்டிகளில் வேகம் எப்போதும் விநாடிக்கு இரண்டாயிரத்து இருநூறு மீட்டர். சரியான எண். ரொம்பச் சரியான எண். மனிதன் கை அப்படியா கலக்கும்?

களஞ்சியத்திலிருந்து தூள் வெளியே போகிறது என்று புதுப் பொறியாளர் நெர்மீனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"ஹாஜி, அவன் கலவை சரியில்லைன்னு ஒரு வரி எழுதுங்க. இன்னிக்கே அவனை வேலையிலேர்ந்து அனுப்பிடுறேன். அப்புறம் கால்வாய்க் கரையில ஒரு பட்டறைக்காரனும் அவனைச் சேத்துக்க மாட்டான்."

4
இங்கே கொஞ்சம் கட்டுரை. பசையில் தூள் சிறிது சேர்த்தால் ஒலி மெதுவாகும்: சுமை ஏறுகிறது, விறைப்பு ஏறவில்லை. இன்னும் சேர்த்தால் துகள்கள் நெருங்கும், விறைப்பு ஏறும், ஒலி மறுபடி வேகமெடுக்கும். ஆக, இறங்கும்போது ஒருமுறையும் ஏறும்போது ஒருமுறையும் அதே வேகம் வரும். நிறைந்த கலவைக்கும் இரண்டாயிரத்து இருநூறுதான், திருடிய கலவைக்கும் அதேதான்.

இது எனக்கு அன்று காலையில்தான் தெரிந்தது.

(மேலே உள்ள வாக்கியத்தை மூன்று முறை திருத்தியிருக்கிறேன். முதல் பிரதியில் 'அன்று காலையில்' என்ற இடத்தில் 'ஆறாவது வருடத்தில்' என்று இருந்தது.)

5
ஷவ்கி ரொட்டியில் ஃபூல், அதாவது அவித்து மசித்த பயறு, அள்ளித் தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் நெர்மீனும் நின்றாள். நான் கேட்டேன்.

"என்ன உஸ்தா, உன் கட்டியில எதிரொலி இந்தத் துள்ளு துள்ளுது? தூள் நெறஞ்சிருந்தா அலை செதறி மங்கணுமே?"

"காத்துக் குமிழி இல்லாம கலக்குறேன் ஹாஜி. அது ஒரு குத்தமா?"

"புது மோட்டார் சைக்கிள்?"

"மாமனார் குடுத்தாரு. அவரையும் கொண்டாந்து உங்க கருவியில வெக்கவா?"

நெர்மீன் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய், பக்கத்து மீன்கடையிலிருந்து ஒரு முள்தராசைத் தூக்கி வந்தான்.

"அச்சு ஒண்ணுதான். தூள் நெறஞ்ச கட்டி ஒரு கிலோ இருக்கும். திருடின கட்டி பாதிகூட இருக்காது. நிறுத்துட்டா முடிஞ்சுது."

யாரோ அவன் கையைப் பிடித்தார்கள். பார்த்தால், என் கை.

"ஏன் ஹாஜி தடுக்குறீங்க? கட்டி லேசா இருந்தா என் பொழப்பு போவும். பதினோரு வருஷமா நீங்க குத்தின முத்திரை எங்க போவும்?"

6
நிறுத்தால் தெரிந்துவிடுமே என்று நாலாம் பகுதியிலேயே நினைத்திருப்பீர்கள். அதனால்தான் காப்பிக்கடையில் இதைச் சொன்னபோதெல்லாம் தராசை எடுத்துவிட்டேன். அங்கே ஷவ்கி ஒருமுறை திருடன், ஒருமுறை உத்தமன். இரண்டு முடிவிலும் நான் மட்டும் கெட்டிக்காரன்.

இந்தப் பிரதியில் தராசு இருக்கிறது. கையை எடுத்துவிட்டேன். ஷவ்கி கட்டியை வைத்துவிட்டான். நெர்மீன் பேனாவைத் திறந்துவிட்டாள். முள் ஆடுகிறது.

என் கண்ணாடி சட்டைப்பையில் இருக்கிறது. எடுக்கப் போவதில்லை. நான் வாசித்தால் யார் நம்புவார்கள்?

நீங்கள் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். முள் நின்றதும் வாசியுங்கள், ஷவ்கிக்குக் கேட்கும்படி.