லேத்துக்குப் போட்ட சட்டை

மனித குலத்தின் வீழ்ச்சி, முதல் அடமானப் பத்திரத்தில் முதல் கையெழுத்து விழுந்த அன்றே தொடங்கிவிட்டது. இது லேத்துக்காரரின் முடிந்த முடிவு. ஆதாரம் கேட்டால் பக்கத்துக் கடை அச்சகக்காரரைக் காட்டுவார்.

‘வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டது’ என்ற தகடு அச்சகக்காரரின் இயந்திரத்தில் இருந்தது. அதை மறைக்க அவர் தன் சட்டையைக் கழற்றி அதன்மேல் மாட்டிவிட்டுப் பனியனோடு வேலை பார்ப்பார். “மெஷினுக்குக் குளிருதாண்ணே?” என்று லேத்துக்காரர் நாள் தவறாமல் விசாரிப்பார். லேத்துப் பட்டறைக்குப் பின்னாலேயே அவர் வீடு. உள்ளே மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். இரும்பு கடையும் அந்த லேத்தே அவள் தையல் காசில் வாங்கியதுதான்.

அவளுடைய இதய வால்வு அவருடைய கொள்கையையெல்லாம் பார்க்கவில்லை; பழுதாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை; வியாழன் மாலைக்குள் முன்பணம் கட்டாவிட்டால் அந்தத் தேதி வேறு யாருக்கோ போய்விடும். பணம் கேட்க அழைத்தபோது, லேத்துக்காரரின் தங்கை வீட்டுக்காரர் போனை எடுத்து, ‘அவர் ஊரில் இல்லை’ என்று தன் குரலிலேயே சொன்னார்.

லேத்தை ஈடு வைக்கப் போனவருக்கு வங்கி மேலாளர் பொறுமையாக விளக்கினார். “மெஷின் உங்க கடையிலயேதான் இருக்கும், நீங்கதான் ஓட்டுவீங்க. விக்க மட்டும் முடியாது. மூணு தவணை தவறினா நாங்க வந்து தூக்கிருவோம்.” மதிப்பில் நூற்றுக்கு அறுபதுதான் கடன். விற்க நேர்ந்தால் வங்கிக்கு நஷ்டம் வராமலிருக்கத்தான் மீதி நாற்பது. அந்த அறுபது ஆபரேஷனுக்கு மட்டுமட்டாக வந்தது. கூடவே, தவணை தவறாத ஒருவரின் ஜாமீன் கையெழுத்தும் வேண்டுமாம்.

தெருவில் அந்தத் தகுதி ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது.

லேத்துக்காரர் அச்சக வாசலில் நின்று, மழை வருமா என்பது பற்றி இரண்டு தடவை பேசினார். அச்சகக்காரர் கை மையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினார். “உங்க வீட்ல தங்கச்சிக்கு ஆபரேஷன் என்னைக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வியாழன் மதியம் வங்கி ஆள் தகட்டோடு வந்தார். தகடு அடித்த மெஷினின் படம் வங்கிக்குப் போனால்தான் ஆஸ்பத்திரிக்குப் பணம் போகும். துளை போடும் கருவியை மறந்துவிட்டார். போய் எடுத்து வர இரண்டு மணி நேரமாகுமாம். லேத்துக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் கருவியை எடுத்து, தன் லேத்தில் தானே நாலு துளை போட்டார். கோணல் இல்லாமல் போட்டார். கை அப்படிப் பழகியிருந்தது.

நாலரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது: பணம் வந்துவிட்டது, காலை ஆறு மணிக்கு ஆபரேஷன்.

பிழைத்தால் அவள் இந்தப் பட்டறை வழியாகத்தான் வீட்டுக்குள் போகவேண்டும். பிழைக்கவேண்டும். லேத்துக்காரர் சட்டையைக் கழற்றித் தகட்டின்மேல் மாட்டினார். நழுவாமலிருக்க மேல் பொத்தானையும் போட்டுவிட்டார்.